சபைப் பெட்டிக்கு இரண்டு திறப்பு

வாசகர் கேள்வி – பதில்

பங்குகளில் இயங்கும் பெண்கள் சபைகள் பற்றித் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் அன்னம்மாள் சபையின் ஆண்டு நிறைவு மலருக்கு முன்னுரை எழுதுகிறோம். கத்தோலிக்கப் பெண்கள் தாங்களே நடத்திய முதல் உதவிச் சபை எது? மரியாயின் சேனை என்கிறார் ஒருவர், செபமாலைச் சபை என்கிறார் இன்னொருவர். (உப்புவெளி வாசகி)

பதில்: இரண்டும் அல்ல. செபமாலைச் சபை பழையதுதான். 1475ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொமினிக்கன் துறவி யாக்கோபு ஸ்பிரெங்கர் தொடங்கிய அந்தச் சபையில் ஆணும் பெண்ணும் சேரலாம், சந்தாவும் கிடையாது. ஆனால் அது செபத்துக்கான சபை. பெயரைப் பதிந்துவிட்டு வீட்டிலிருந்தே செபமாலை சொல்லலாம். பொறுப்பு எதையும் சுமக்க வேண்டியதில்லை. வீடு வீடாக ஆட்களைச் சந்திக்கப் போகும் மரியாயின் சேனையோ 1921ல்தான் பிறந்தது.

பெண்கள் தங்களுக்குள் தலைவியைத் தெரிந்து, காசு வைத்து, முறை போட்டு ஏழை நோயாளரைப் பார்த்த சபை என்றால், பிரான்சின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் 1617ல் தொடங்கிய அன்புப் பணிச் சபையை எழுதுங்கள். 'முதல்' என்ற சொல்லை மட்டும் தவிருங்கள். இடைக்காலத்திலும் ஊருக்கு ஊர் சிறு கூட்டங்கள் இருந்தன. 'இன்றும் உலகெங்கும் இயங்கும் பெண்கள் உதவிச் சபைகளில் மூத்தது' என்றால் பிழையில்லை. அன்புப் பணிச் சங்கங்களின் சர்வதேச அமைப்பு என்ற பெயரோடு அது இன்றும் இருக்கிறது.

அது தொடங்கிய விதம் உங்கள் சபையாருக்கும் பயன்படும் என்பதால் விரித்துச் சொல்கிறோம். அவ்வாண்டு அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் வின்சென்ட் டி போல். ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்ற செய்தி பூசைக்கு முன் அவருக்கு வருகிறது. பிரசங்கத்தில் சொல்கிறார். பிற்பகலில் அவர் அங்கே போகும்போது வழி நிறையப் பெண்கள், கையில் உணவோடு. அன்றைக்கு அந்த வீட்டில் தேவைக்கு மிஞ்சிய சாப்பாடு; மிச்சம் பழுதாகிப் போகும். நாளை மறுநாள் பழையபடி பட்டினி. அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்று அவர் கண்டார். மூன்றாம் நாள் அந்தப் பெண்களைக் கூட்டினார். டிசம்பர் 8ல் சபை முறைப்படி நிறுவப்பட்டது.

அந்தச் சபைக்கு அவர் எழுதிய யாப்பு ஒரு சமையலறைக் குறிப்புப் போல நுணுக்கமானது. அங்கத்தவர் 20 பேருக்கு மேல் வேண்டாம். மணமான பெண் கணவனின் சம்மதத்தோடும், மணமாகாதவள் பெற்றோரின் சம்மதத்தோடும் சேரலாம். ஒருவருக்கு ஒரு நாள் என்று முறை. அன்றைய முறைக்காரி சமைத்து, தானே கொண்டுபோக வேண்டும். ஒரு நோயாளிக்குத் தேவையான அளவு பாண், சூப், நாலைந்து அவுன்ஸ் ஆட்டிறைச்சி அல்லது கன்றிறைச்சி. சுத்தபோசன நாளில் இறைச்சிக்குப் பதில் முட்டையும் கொஞ்சம் வெண்ணெயும். கட்டிலின் குறுக்கே சிறு மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, உணவுச் செபம் சொல்லிப் பரிமாற வேண்டும். வீட்டில் துணை உள்ள நோயாளியிடம் முதலில் போய், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியில் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. காரணம், கடைசியில் போனால் அங்கே அதிக நேரம் இருக்கலாம். நானூறு ஆண்டுக்குப் பிறகும் வீட்டுச் சந்திப்புக்கு இதைவிட நல்ல விதியை எந்தச் சபையும் எழுதவில்லை என்பது எங்கள் எண்ணம்.

காசு விஷயத்திலும் அப்படித்தான். பெட்டிக்கு இரண்டு வெவ்வேறு பூட்டு. ஒரு திறப்பு தலைவியிடம், மற்றது மூத்த உதவியாளரிடம். அவசரச் செலவுக்கு ஒரு சிறு தொகையை மட்டும் தலைவி கையில் வைத்திருக்கலாம்.

சபையின் சொத்து விவகாரங்களைப் பார்க்க ஓர் ஆணையும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த யாப்பில் இருந்தது. பின்னர் வேறு ஊர்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த சபைகளை நடத்திப் பார்த்த வின்சென்ட், 1650ல் எழுதிய கடிதத்தில், நிர்வாகத்தில் ஆண்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் எடுக்கப் பார்க்கிறார்கள், பெண்கள் அதைப் பொறுக்க மாட்டார்கள் என்றும், பெண்கள் காசைக் கையாண்டதில் குறை கண்டதில்லை என்றும் சாட்சி சொல்கிறார். மலரில் இதைத் தவறாமல் சேருங்கள்.

பிழை நேர்ந்த இடத்தையும் எழுதுங்கள். பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் சேர்ந்தபோது, தாங்கள் போகாமல் வேலைக்காரரிடம் சாப்பாட்டைக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் குறையைத் தீர்க்கக் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, லூயிஸ் டி மரியாக் அம்மையாரோடு 1633ல் தொடங்கியதுதான் அன்பின் புதல்வியர் துறவற சபை.

உங்கள் சபை பெரியாஸ்பத்திரி வார்டுக்குச் சாப்பாடு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறும் திருநாளும் ஏழு பார்சல் போய், செவ்வாயும் புதனும் ஒன்றும் போகாமல் இருந்தால், அது ஷாத்தியோனில் நடந்த அதே பிழை. ஒரு கொப்பித் தாளில் ஏழு நாளை எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயரும், அவர் வராவிட்டால் போக மாற்று ஆளின் பெயரும் போடுங்கள். மாற்று ஆள் இல்லாத முறை மூன்றாம் கிழமை தாண்டாது.

கேள்வி: மரியாயின் சேனையில் நான் உதவிச் செயலாளர். சந்திக்கப் போன வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லை. சேனைக் காசில் ஓர் உலருணவுப் பொதி வாங்கக் கேட்டேன். விதி இடம் கொடுக்காது என்று தலைவி மறுத்துவிட்டார். இது என்ன விதி? (பாலையூற்று வாசகி)

பதில்: தலைவி சொன்னது சரி. ஆனால் அத்தோடு விட்டிருந்தால் அது பாதிச் சரிதான்.

1921 செப்டெம்பர் 7ஆம் திகதி மாலை டப்ளின் நகரில் பிரான்சிஸ் வீதியில் உள்ள மைரா இல்லத்தில் 15 பெண்களும், குருவானவர் ஒருவரும், பிராங்க் டஃப் என்ற அரச ஊழியரும் கூடினார்கள். மேசையில் வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு மெழுகுதிரி, இரண்டு பூச்சாடி. இன்றும் பிரசீடியம் (சேனையின் அடிப்படைக் கிளை) கூடும்போது வைக்கும் பீடம் அதுவே. முதல் தலைவி எலிசபெத் கெர்வன். பெண்களோடு தொடங்கிய சேனைக்கு ஆண்களின் முதல் பிரசீடியம் வந்தது 1929ல்தான். 1921ல் தொடக்கக் கூட்டத்தில் ஏற்ற முதல் வேலை, ஏழைகள் கிடந்த ஒரு பொது வைத்தியசாலையில் பெண் நோயாளரை இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பது. நோயாளருக்குப் பொருள் கொடுக்க, வின்சென்ட்டின் பெயரில் பின்னாளில் எழுந்த வின்சென்ட் டி போல் சபை இருந்தது. சேனை ஆளைப் பார்க்கப் போனது.

அதனால்தான் சேனையின் கைந்நூல் பொருளுதவியை முற்றாகத் தடுக்கிறது. பழைய உடுப்புக் கொடுப்பதும் பொருளுதவிதான் என்று தனியே குறிப்பிட்டே தடுக்கிறது. கையில் பொதியோடு ஒருமுறை போனால், அடுத்த முறை கதவு திறப்பது பொதிக்காகத்தான். பொதி கிடைக்காத பக்கத்து வீடு உங்களை உள்ளே விடாது. 'சேனைக்காரர் சாமான் தருவார்கள்' என்று ஊரில் பேச்சு எழும்பினால், எவருக்கும் ஒன்றும் தேவைப்படாத வீடுகளும் மூடிக்கொள்ளும். வறியவர் பட்டியலில் தங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு மனம் நோகும். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கூட்டத்தில் சுற்றிவரும் இரகசியப் பையில் விழும் காசு சேனையின் சொந்தச் செலவுக்கும் மேல் மன்றங்களின் பங்குக்கும் உரியது.

பசியைக் கண்டுவிட்டு வாய் பொத்தி வரச் சொல்லவில்லை. அன்றே பங்குத்தந்தைக்கோ, பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபைக்கோ, மறைமாவட்டத்தின் சமூக சேவை நிறுவனமான எகெட் கரித்தாஸ் அலுவலகத்துக்கோ சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்து அறிக்கையில் 'ஒரு குடும்பத்தின் தேவை உரிய சபைக்கு அறிவிக்கப்பட்டது' என்பது போதும். பெயரும் வேண்டாம், வளவும் வேண்டாம். சமைத்துக் கொடுக்க, பிள்ளையைப் பார்க்க, முற்றம் கூட்டக் கைகொடுப்பது சேவை. அதை விதி தடுக்கவில்லை.

கிழமைக்கு இரண்டு மணிநேர வேலை, இருவராகப் போதல், மூன்று மாதப் பரீட்சைக் காலம், ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் இழுக்காத கூட்டம்: இந்த நான்கில் எது தளர்ந்தாலும் பிரசீடியம் சோரும். முதலில் தளர்வது பெரும்பாலும் வேலைதான். செபமாலையும் வாசகமும் முடிந்து அறிக்கை கேட்கும்போது 'நேரம் கிடைக்கவில்லை' என்று மூன்று பேர் தொடர்ந்து சொன்னால், தலைவி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். பார்க்க வேண்டிய வீடுகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தால் போவார்கள். 'முடிந்தால் யாரையாவது பாருங்கள்' என்றால் எவரும் போகமாட்டார்கள்.

கேள்வி: வின்சென்ட் டி போல் சபையில் ஒருகாலத்தில் பெண்கள் சேர முடியாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (செல்வநாயகபுரம் வாசகர்)

பதில்: உண்மை. 1833ல் பாரிசில் பிரெடெரிக் ஒசானாமும் தோழர்களும் தொடங்கியது ஆண்களின் சபை. ஆனால் அந்த மாணவருக்கு ஏழைகளின் வீட்டுப் படி ஏறக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்: அன்பின் புதல்வியர் சபைச் சகோதரி ரோசலி ரெண்டு. பெண்களுக்கென்று தனிச் சபை 1856ல் இத்தாலியின் பொலோஞாவில் செலஸ்தினா ஸ்கரபெல்லி தொடங்கினார். இரண்டும் ஒன்றானது 1967ல்.

அக்காலத் திருச்சபைச் சட்டமும் இந்தப் போக்கிலேயே இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 709ஆம் பிரிவு, சகோதரத்துவ சபைகளில் பெண்களைச் சேர்ப்பது ஞானப் பலன்களையும் அருளையும் பெறுவதற்கு மட்டுமே என்றது. அதாவது பெயர் புத்தகத்தில் இருக்கும், நிர்வாகத்தில் குரல் இருக்காது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை.

கேள்வி: எங்கள் பங்குப் பெண்கள் மரண உதவி நிதி ஒன்றை நடத்துகிறோம். 80 அங்கத்தவர், மாதம் 100 ரூபாய், ஒரு மரணத்துக்கு 20,000 ரூபாய். தொடக்கத்தில் காசு சேர்ந்தது, இப்போது வங்கியில் இருந்ததும் கரைகிறது. ஒருவரும் களவெடுக்கவில்லை. எங்கே பிழை? (மூதூர் வாசகி)

பதில்: இதே பள்ளத்தில் விழுந்து எழும்பியவர்கள் அமெரிக்கக் கத்தோலிக்கப் பெண்கள். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கணக்குக்கு வருகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே காப்புறுதிக் கம்பனிகள் பல, பிள்ளைப்பேற்று ஆபத்தைக் காட்டிப் பெண்களுக்குக் காப்புறுதி தர மறுத்தன, அல்லது கூடுதல் கட்டணம் கேட்டன. கத்தோலிக்க ஆண்களின் பரஸ்பர உதவிச் சங்கங்களோ ஆண்களை மட்டுமே சேர்த்தன. எனவே பெண்கள் தாங்களே தொடங்கினார்கள். 1890ல் பென்சில்வேனியாவில் கத்தோலிக்கப் பெண்கள் நன்மைச் சங்கம். 1891ல் சிக்காகோவில் கத்தோலிக்கப் பெண்கள் ஃபொரஸ்டர்ஸ் சங்கம். 1892ல் கிளீவ்லண்டில் அன்னா ஹூர்பன் தொடங்கிய ஸ்லோவாக்கியப் பெண்கள் சங்கம். சிக்காகோச் சங்கத்தின் தலைவி எலிசபெத் ரொஜர்ஸ் ஒரு தொழிற்சங்கவாதி. 1886ல் ரிச்மண்டில் நடந்த தொழிலாளர் மாநாட்டுக்குப் பிறந்து இரண்டு கிழமையான குழந்தையைக் கையில் ஏந்திப் பிரதிநிதியாகப் போனவர். உழைப்பவர் குடும்பத்தில் ஒரு சா விழுந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள் நடத்திய சங்கங்கள் இவை.

அக்காலப் பரஸ்பர சங்கங்களின் முதல் முறை எளிமையானது. ஒருவர் இறந்தால் எல்லோரும் ஒரே தொகை கட்டுவார்கள். இருபது வயதுக்காரிக்கும் ஐம்பது வயதுக்காரிக்கும் ஒரே வரி. எல்லோரும் இளமையாக இருக்கும்வரை அது அழகாக ஓடும். இருபது ஆண்டு போனதும் சாவு கூடும், வரி கூடும். புதிதாகச் சேர வேண்டிய இளம் பெண்கள் 'கிழவிகளுக்காக நான் ஏன் கட்ட வேண்டும்' என்று வெளியே நிற்பார்கள். உள்ளே இருப்போரின் சராசரி வயது இன்னும் ஏறும். இந்தச் சுழியில் அமெரிக்காவில் மூழ்கிய சங்கங்கள் பல. 1890களின் இறுதியில் சங்கங்களின் பொது மாநாடு வயதுவாரியான மரண அட்டவணை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சேரும் வயதுக்கு ஏற்ற கட்டணம், கையிருப்பு நிதி என்று மாறிய சங்கங்கள் பிழைத்தன.

இனி உங்கள் கணக்கு. வருமானம் 80 × 100 × 12 = 96,000 ரூபாய். நீங்கள் அனுப்பிய யாப்பின்படி அங்கத்தவர், கணவர், இருவரின் தாய் தகப்பன் என ஆறு பேருக்கு உதவி உண்டு. எண்ண வேண்டியது 80 அங்கத்தவரை அல்ல, 480 உயிர்களை. அதிலும் 320 பேர் முதியவர்கள். கடந்த ஆண்டு எட்டு மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள்: 1,60,000 ரூபாய். 64,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. இதில் களவு தேவையில்லை. கணக்கே காசைத் தின்கிறது.

வழி இரண்டு. ஒன்று, சந்தாவை 200 ஆக்குவது: வருமானம் 1,92,000, எட்டு மரணத்துக்கும் கொடுத்து 32,000 மிஞ்சும். மற்றது, பெற்றோர், மாமன் மாமியின் மரணத்துக்கு 10,000 ஆகக் குறைப்பது. எட்டில் ஆறு அப்படிப்பட்ட மரணம் என்றால் செலவு 1,00,000. சந்தா 125 ஆனால் வருமானம் 1,20,000. இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறோம். சந்தா இரட்டித்தால் முதலில் நிற்பவர்கள் இளம் பெண்கள், அவர்கள் போனால் நிதியின் உயிரே போய்விடும்.

சேரும் விதியையும் திருத்துங்கள். சேர்ந்து ஆறு மாதம் போன பிறகே உதவி. 45 வயதைத் தாண்டிச் சேர்பவருக்கு நுழைவுக் கட்டணம் கூட்டுங்கள். சேரும் நாளிலேயே ஆறு பேரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் சாவீட்டு வாசலில் நின்று உறவுமுறை விசாரிக்க வேண்டி வரும். சந்தாவை மாதத்தால் மட்டும் பார்க்காதீர்கள். கடற்தொழில் குடும்பத்துக்கு வாடைக் காற்று வீசும் மாதங்களில் கையில் காசு இராது. கச்சான் காலத்தில், சித்திரை தொடங்கிப் புரட்டாசிக்குள் ஆண்டுச் சந்தாவை முடிக்கலாம் என்று விதி போட்டால் நிலுவை பாதியாகக் குறையும்.

இன்னொன்று மிக முக்கியம். உங்கள் 480 உயிரும் ஒரே கரையில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியை நேரில் கண்ட மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சங்கங்களுக்குப் பல நகரங்களில் கிளைகள் இருந்தன, ஓரிடத்துச் சுமையை மற்ற இடம் தாங்கியது. அப்படியிருந்தும் 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சா அவர்களை உலுக்கியது. எனவே யாப்பில் ஒரு வாசகம் சேருங்கள்: 'ஒரே அனர்த்தத்தில் நான்கு மரணத்துக்கு மேல் நேர்ந்தால் நிதியில் பாதித் தொகை சமமாகப் பங்கிடப்படும்.' இன்று வாசிக்க இது கடுமையாக இருக்கும். ஆனால் எழுதாமல் விட்டால், முதலில் கேட்டவருக்கு முழுக் காசும் கடைசியில் கேட்டவருக்கு வெறுங்கையும் போகும். நான்கு மரணத்துக்கான 80,000 ரூபாயை நிலையான வைப்பில் தனியே போட்டு, அதைத் தொட பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்று எழுதுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அக்கா கத்தோலிக்கப் பெண்கள் லீக்கில் சேர்ந்திருக்கிறா. இது என்ன அமைப்பு? (திருகோணமலை நகர வாசகி)

பதில்: பெயரும் யோசனையும் இங்கிலாந்திலிருந்து வந்தவை, 1906ல் அங்கே மார்கரெட் பிளெச்சர் என்பவர் தொடங்கினார். கனடாவில் முதலில் 1912ல் எட்மன்டனில், வேலை தேடித் தனியே வந்திறங்கிய பெண்களுக்குத் தங்குமிடமும் வேலையும் காட்டக் கூடினார்கள். 1920ல் நாடளாவிய அமைப்பானது. வந்த ஊரில் ஆள் தெரியாத பெண்ணுக்குக் கைகொடுக்கப் பிறந்த சபை என்பதால், அக்கா சரியான இடத்தில்தான் இருக்கிறா. நாடுதோறும் உள்ள இத்தகைய அமைப்புகளை இணைக்கும் உலக ஒன்றியம் 1910ல் பிரசெல்சில் தொடங்கியது. அதன் தலைவியாக இருந்த ஸ்பானியப் பெண் பிலார் பெலொசிய்யோ, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் செவிமடுப்போராக அழைக்கப்பட்ட 23 பெண்களில் ஒருவர்.

கேள்வி: புதிதாக ஒரு சபை தொடங்க இருக்கிறோம். 'கத்தோலிக்க மாதர் சபை' என்று பெயர் வைத்து வங்கிக் கணக்குத் திறக்கலாமா? பிறகு அந்தக் காசு யாருடையது? (நிலாவெளி வீதி வாசகி)

பதில்: சபை தொடங்கும் உரிமை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் விசுவாசிகளுக்கு உண்டு. ஆனால் 300ஆம் பிரிவின்படி உரிய திருச்சபை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் 'கத்தோலிக்க' என்ற பெயரை வைக்க முடியாது. ஆயருக்குப் பங்குத்தந்தை வழியாகக் கடிதம் எழுதுங்கள். சம்மதம் எழுத்தில் வரும்வரை பெயர்ப் பலகை, இறப்பர் முத்திரை எதுவும் அடிக்க வேண்டாம்.

காசு யாருடையது என்பது சபை எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஆயர் தமது ஆணையால் நிறுவிய பொதுச் சபை என்றால், 319ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் அவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். விசுவாசிகள் தங்களுக்குள் உடன்பட்டுத் தொடங்கிய தனிச் சபை என்றால், 325ஆம் பிரிவின்படி தன் உடைமையைத் தன் யாப்பின்படி தானே நிர்வகிக்கும். கொடுத்த காசு கொடுத்த நோக்கத்துக்கே போகிறதா என்று பார்க்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. பங்குகளில் எழும் சண்டைகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்தில் எழுதி வைக்காததால்தான். நோக்கம், இருப்பிடம், நிர்வாக முறை, யார் சேரலாம் என்ற நான்கும் யாப்பில் இருக்க வேண்டும் என்கிறது 304ஆம் பிரிவு. ஐந்தாவதாக 'சபை கலைந்தால் மிச்சக் காசு எங்கே போகும்' என்பதையும் நீங்கள் சேருங்கள்.

வங்கிக்குப் போகுமுன் கணக்குத் திறக்கும் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு ஒப்பமிடுங்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பம் என்று வையுங்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் வேண்டாம். தனியாள் பெயரில் கணக்கு ஒருபோதும் வேண்டாம். அவர் இறந்தால் அந்தக் காசு அவருடைய வாரிசுகளின் வழக்காகிவிடும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒப்பம் போட்டுவைக்கும் பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. அவசரத்துக்கு என்பார்கள். ஷாத்தியோன் பெட்டியின் இரண்டு பூட்டும் அந்த ஒரு ஒப்பத்தோடு திறந்துவிடும். அவசரத்துக்குப் பொருளாளர் கையில் 3,000 ரூபாய் வரை சில்லறைக் காசு வைத்து, பற்றுச்சீட்டைக் காட்டி மாதம் ஒருமுறை நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் சபையின் பழைய கூட்டக் குறிப்புக் கொப்பிகள் ஈரம் பட்டு, செல் அரித்துக் கிடக்கின்றன. அதற்கு முந்திய வரலாற்றை எங்கே தேடுவது? (பாலையூற்று வாசகர்)

பதில்: கொப்பிகளை வெயிலில் காயப்போடாதீர்கள். மை வெளிறும், தாள் முறுகி உடையும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நாலைந்து ஒற்றைக்கு ஒருதரம் வெள்ளைத் தாள் செருகி, அந்தத் தாளை நாளுக்கு நாள் மாற்றுங்கள். ஒட்டிய ஒற்றைகளை இழுத்துப் பிரிக்க வேண்டாம். கிழிந்த இடத்துக்கு செலோ டேப் ஒட்டினால் சில ஆண்டில் அது மஞ்சளாகி எழுத்தையும் கொண்டுபோகும். லமினேட் செய்வதும் கூடாது, பிறகு கழற்றவே முடியாது. காய்ந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எங்கள் மண்ணில் ஈரமும் கறையானும் சுவர்வழியாகத்தான் வருகின்றன.

தேடும்போது ஆண்டைப் பார்த்து இடத்தைத் தெரியுங்கள். திருகோணமலை மறைமாவட்டம் 1893ல் நிறுவப்பட்டது. அதற்கு முன் கிழக்குக் கரை யாழ்ப்பாணத்தோடு இருந்ததால், அக்காலக் கடிதங்களில் அமலமரித் தியாகிகள் துறவற சபைக் குருக்களின் கையெழுத்துத் தெரியும். 1898ல் முதல் ஆயராக வந்த சார்ள்ஸ் லவீன் ஒரு இயேசு சபையார். அவரோடு பிரெஞ்சு எழுத்தும், 1940கள் தொடங்கி அமெரிக்க இயேசு சபையாரோடு ஆங்கில எழுத்தும் வருகின்றன. 1967 தொடக்கம் 2012 வரை திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டம் என்ற பெயரில் இருக்கும்.

இயேசு சபையார் நடத்திய பங்கு என்றால் 'மாதா சபை', 'சொடாலிற்றி' என்ற சொற்களைத் தேடுங்கள். 1563ல் உரோமையில் மாணவருக்குத் தொடங்கிய அந்தச் சபை பெண்களுக்குத் திறந்தது 1751ல். 1967ல் கிறிஸ்தவ வாழ்வுச் சமூகம் என்று பெயர் மாறியது. பெயர் மாறிய இடத்தில் 'சபை கலைந்தது' என்று தவறாக எழுதிவிடாதீர்கள்.

கூட்டக் குறிப்பு கிடைக்காத ஆண்டுகளுக்குப் பங்கின் அறிவித்தல் புத்தகத்தைப் பாருங்கள். 'இன்று மாலை மாதர் கூட்டம்' என்ற ஒரு வரி போதும், அந்த ஆண்டு சபை இருந்தது என்பதற்கு. திருநாள் வரவுசெலவில் உபயகாரர் வரிசையையும் பாருங்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் வீட்டு மூத்த அம்மாமாரிடம் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை மறுபக்கம் ஊறும். எத்தனையாவது வரிசை, இடமிருந்து எத்தனையாவது ஆள், சொன்னவர் யார், சொன்ன திகதி என்ற நான்கையும் குறியுங்கள். மரண அறிவித்தல் தாள்களை எறிய வேண்டாம். 'மரியாயின் சேனை முன்னாள் தலைவி' என்ற வரி பல வேளை அங்கே மட்டும்தான் எழுத்தில் இருக்கும்.